ஊர்ப் பெயரில் வளர்ச்சி, ஊரார் கையில் வாக்கு இல்லை

மலாயில் 'கெம்பாங்' என்றால் மலர்வது, விரிவது. 'பெர்கெம்பாங்கான்' என்றால் வளர்ச்சி. செர்டாங் பாரு என்றிருந்த புதுக்கிராமத்துக்கு ஸ்ரீ கெம்பாங்கான் எனப் பெயர் மாற்றியவர்கள் வளர்ச்சியையே ஊருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். பெயர் பொய்க்கவில்லை. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று என்று பேசப்பட்ட குழி இன்று மைன்ஸ் ஏரி. அதன் கரையில் பேரங்காடி, நட்சத்திர விடுதி, கண்காட்சி மண்டபம். ரப்பர் மரங்கள் நின்ற பக்கத்தில் அடுக்குமாடி வீடுகள். நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்கே வாகனங்கள் ஊர்கின்றன.

அண்மையில் ஒரு ஞாயிறு காலை, இங்குள்ள ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். நம் நாடாளுமன்ற உறுப்பினர் யார்? எல்லோரும் சொன்னார்கள். சட்டமன்ற உறுப்பினர்? ஒருவர் யோசித்தார், மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். சாலை, சாக்கடை, குப்பை, கடை லைசன்ஸ் இவற்றையெல்லாம் பார்க்கும் மன்றத்தில் நம் வட்டாரத்துக் கவுன்சிலர் யார்? ஒருவருக்கும் தெரியவில்லை. ரோட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த தம்பி திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாம ஓட்டுப் போட்டா எடுத்தோம் அண்ணே, நமக்குத் தெரியறதுக்கு?"

ஜனநாயகமும் பொருளாதார வளர்ச்சியும் என்று பேச்சு வந்தால் நாம் உடனே சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போய்விடுகிறோம். 'ஒரே தலைவர், ஒரே உத்தரவு, வேலை நடக்கிறது பார்' என்பார் ஒருவர். 'இந்தியாவைப் பார், எதற்கெடுத்தாலும் வாக்குவாதம்' என்பார் இன்னொருவர். அந்த விவாதத்தை நான் இங்கே, நம் வீட்டு வாசலில் ஓடும் சாக்கடையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஏனென்றால் மலேசியர்களாகிய நாம் 60 ஆண்டுகளாக ஒரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறோம். நாட்டுக்கு வாக்கு உண்டு, மாநிலத்துக்கு வாக்கு உண்டு, ஊருக்கு மட்டும் வாக்கு இல்லை. இதனால் நம் வளர்ச்சி எப்படிப்பட்டதாக ஆனது என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் ஸ்பென்ஸ் தலைமையிலான உலக வளர்ச்சி ஆணையம் 2008-இல் ஒரு பட்டியல் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆண்டுக்குச் சராசரி 7 விழுக்காடு அல்லது அதற்கு மேல் வளர்ந்த நாடுகள் உலகில் பதின்மூன்றே. அதில் மலேசியா ஒன்று. அதற்கு அவர்கள் குறித்த காலம் 1967 முதல் 1997 வரை. ஊராட்சி மன்றத் தேர்தல் நிறுத்தப்பட்டது 1965-இல். அதாவது நம் பொற்காலம் முழுவதும் ஊர்வாக்கு இல்லாத காலம். 1970-இல் தீபகற்பத்தில் 49.3 விழுக்காடு குடும்பங்கள் வறுமையில் இருந்தன. அந்த நிலையிலிருந்து இந்த நாடு மீண்டது. தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது தெரியும். ஊர்வாக்கு இல்லாமலே வளர்ந்தோம் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த வாக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது என்ற கதை இந்த ஊரைப் போன்ற ஊர்களின் கதை.

1950-இல் ஜெனரல் ஹேரல்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி, காட்டோரம் வாழ்ந்த ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பெயர்த்துக் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் தகவலும் போகாமல் தடுப்பதற்காக. பெரும்பாலோர் சீனர்கள். அப்படி உருவான புதுக்கிராமங்களில் ஒன்றுதான் செர்டாங் பாரு. வேலி போட்ட அதே ஆங்கில அரசு 1952-இல் உள்ளூர் மன்றச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, புதுக்கிராமத்தார் தங்கள் மன்றத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்க வழி செய்தது. பெருந்தன்மையால் அல்ல. வேலிக்குள் இருப்பவன் தன் ஊர் விஷயத்தில் தானே முடிவெடுத்தால்தான் அரசாங்கத்தைத் தன்னுடையதாக நினைப்பான் என்ற கணக்கு அது. காலனி ஆட்சியாளர் போட்ட அந்தக் கணக்கைச் சுதந்திர நாடு ஏன் மறந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அதே 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 12 இடங்கள். அந்த ஓர் ஊர்த் தேர்தலுக்காக அம்னோவும் மசீசவும் கைகோத்தன. 9 இடங்களை வென்றன. பின்னர் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த கூட்டணி பிறந்தது அந்தத் தேர்தலில்தான். அப்படிப்பட்ட கோலாலம்பூர் தன் வாக்கை 1961-லேயே இழந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் இடத்தில் ஓர் ஆணையர் அமர்ந்தார். 1974-இல் அது கூட்டரசுப் பிரதேசமானதும் சட்டமன்ற வாக்கும் போயிற்று. இன்று பிரிக்பீல்ட்ஸ்வாசி ஒருவர் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்குப் போடலாம். அவ்வளவுதான். தன் தெரு ஒருவழிப் பாதையானால், தன் கடை வாசலில் தூண் எழுந்தால், யாரைக் கேட்பது? டத்தோ பண்டார் நியமிக்கப்படுபவர்.

மற்ற ஊர்களுக்கு அடி விழுந்தது 1965 மார்ச்சில். இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்தது. அவசரகால விதியின்கீழ் ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வாக்களித்தார். அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. சில மன்றங்களில் முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர். செனட்டர் அத்தி நாகப்பன். மஇகா தலைவர்களில் ஒருவர், ஆளும் கூட்டணிக்காரர். ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்த ஜானகி அத்தி நாகப்பனின் கணவர். ஆளும் கட்சிக்காரர் தலைமையில் அமைந்த ஆணையம் ஆட்சிக்கு வசதியான முடிவைத்தான் சொல்லும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆணையம் ஊர் ஊராகக் கேட்டறிந்து 1968 டிசம்பரில் அறிக்கை அளித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் எத்தனை குறை இருந்தாலும், நியமன மன்றங்களைவிட அவையே மேல், தேர்தலை மீண்டும் கொண்டுவாருங்கள் என்பதே அதன் முடிவு. சில ஆண்டுகள் பொறுத்தே அந்த அறிக்கை மக்கள் கைக்கு வந்தது. இடையில் 1969 மே 13 இனக் கலவரம் வந்துபோனது. 1976-இல் நிறைவேறிய ஊராட்சி மன்றச் சட்டம் அறிக்கையின் முக்கியப் பரிந்துரைக்கு நேர் எதிராகப் போனது. அதன் 15-ஆவது பிரிவு, தேர்தல் பற்றிய எல்லா விதிகளும் செல்லாமல் போகும் என்று எழுதிவிட்டது. நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் அத்தி நாகப்பனின் பெயரைப் படிக்கிறார்களா? படிக்க வேண்டும்.

அந்தச் சட்டப்படி இன்று மாநில அரசு 8 முதல் 24 பேர் வரை உறுப்பினர்களை நியமிக்கிறது. ஒரு தடவைக்கு அதிகம் போனால் மூன்றாண்டு. ஸ்ரீ கெம்பாங்கான் இருப்பது சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின்கீழ். 1997-இல் நகராண்மைக் கழகமாகத் தொடங்கி, 2020 அக்டோபரில் மாநகர் மன்றமானது. 2020 கணக்கெடுப்பில் சுபாங் ஜெயாவின் மக்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேர். சட்டம் அனுமதிக்கும் 24 பேரையும் நியமித்தாலும் 37,500 பேருக்கு ஒருவர். அந்த ஒருவரும் நமக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். தன்னை நியமித்த கட்சிக்குக் கட்டுப்பட்டவர். நல்ல கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், இரவு பத்து மணிக்கும் தொலைபேசியை எடுப்பவர்கள். அவர்கள் நல்லவர்களாக இருப்பது நம் அதிர்ஷ்டம், நம் உரிமை அல்ல.

இனி வளர்ச்சிக்கு வருகிறேன்.

வளர்ச்சி என்பது கட்டடம் எழுவது மட்டும் என்றால் உத்தரவு போதும். ஆனால் எந்தத் திட்டத்திலும் தவறு நேரும். தவறு எங்கே என்பது முதலில் தெரிவது அங்கே குடியிருப்பவனுக்கு. அவன் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால், பத்தாயிரம் வெள்ளியில் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் அது கோடிகளில் வந்து நிற்கும். 2021 டிசம்பர் 18 நினைவிருக்கிறதா? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மீது ஏறிக் காத்துக் கிடந்தார்களே. அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி, அதில் சிலாங்கூரில் மட்டும் 310 கோடி என்று புள்ளியியல் துறை மதிப்பிட்டது. நாட்டின் உற்பத்தியில் கால் பங்கைத் தரும் மாநிலம் இது. மழை கடுமையானதுதான். வாக்குச்சீட்டு இருந்திருந்தால் மழை பெய்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாழ்ந்த நிலத்தில் எங்கே கட்ட அனுமதிப்பது, நீர் போகும் வழியை எவ்வளவு விட்டுவைப்பது, சாக்கடையை எப்போது தூர்வாருவது என்ற முடிவுகளில் பெரும்பங்கு ஊராட்சி மன்றத்தின் மேசையில்தான் இருக்கிறது. அந்த மேசையில் அமர்ந்த எவரும், வெள்ளம் வடிந்த பின் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்க வேண்டிய நிலையில் இல்லை.

2006-இல் கிள்ளானில் நடந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். நகராண்மைக் கழக உறுப்பினர் ஒருவர் கட்டட வரைபடத்துக்கு அனுமதி வாங்காமலே மாளிகை எழுப்பிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவரும் மகனும் மருமகளும் அதே கழகத்தின் உறுப்பினர்கள். மூன்று பேரும் நியமனம். தேர்தல் வைத்தால் அப்படிப்பட்டவர்கள் வரவே மாட்டார்கள் என்பதில்லை. வந்தால் அனுப்பிவைக்க ஊராருக்கு ஒரு நாள் இருக்கும்.

அடுத்த ஆண்டே பாடாங் ஜாவா. 2007 அக்டோபர் கடைசியில், தீபாவளிக்குச் சில நாள்களே இருக்கும்போது, மகா மாரியம்மன் ஆலயத்தை ஷா ஆலம் மாநகர் மன்றத்தின் அமலாக்கத் துறை உடைத்தது. முடிவெடுத்தவர்களை மாற்ற அந்த ஊர் மக்களிடம் வாக்கு இல்லை. அதனால் என்ன ஆயிற்று? நவம்பர் 25-இல் பல்லாயிரம் பேர் கோலாலம்பூர் வீதிக்கு வந்தார்கள். கண்ணீர்ப்புகையும் நீர்ப்பீரங்கியும் வந்தன. 2008 மார்ச் 8-இல் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது, சிலாங்கூரையும் இழந்தது. ஓர் ஊரின் குறை நாட்டின் நெருக்கடியாக வளர்ந்தது, ஊரளவில் அதற்கு வாசல் இல்லாததால். முதலீட்டாளர்கள் விரும்பும் நிலைத்தன்மை இதுவா?

ஜனநாயகம் வளர்ச்சியைக் கெடுக்கிறதா, கொடுக்கிறதா என்பதில் அறிஞர்கள் நீண்ட காலம் பிரிந்து நின்றார்கள். டேரன் அசமோக்லு, ஜேம்ஸ் ராபின்சன் உள்ளிட்ட நால்வர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளின் தலா வருமானம் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் 20 விழுக்காடு கூடுதலாகிறது என்று கண்டது. அசமோக்லுவும் ராபின்சனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஆய்வு நாடுகளைப் பற்றியது, நகராண்மைக் கழகங்களைப் பற்றியது அல்ல. ஆகவே ஊர் அளவில் நமக்கு மிக நெருங்கிய உதாரணம் தென் கொரியா என்பேன். 1960 வாக்கில் அவர்கள் நம்மைவிட ஏழைகள். 1961-இல் பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சி செய்து ஊராட்சி மன்றங்களைக் கலைத்தார். அங்கும் ஊர்வாக்கு இல்லாமலே வேகமான வளர்ச்சி. ஆனால் கொரியர்கள் அதோடு நிற்கவில்லை. 1991-இல் மன்ற உறுப்பினர்களையும் 1995-இல் மேயர்களையும் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். இன்று அவர்களின் தலா வருமானம் நம்முடையதைப்போல் இரு மடங்குக்கும் மேல். தேர்தல்தான் அதற்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். தேர்தல் அவர்களைக் கெடுத்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி.

ஊர்வாக்கு நின்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பட்டறிந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஊரகத் தேர்தலின் முதற்கட்டம் 2019 டிசம்பரில், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையே தனி அலுவலர் ஆட்சி. தேர்தல் நடக்காததால் மத்திய நிதி ஆணைய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. வாக்கு நின்றதும் பணம் நின்றது. 2022-இல் தேர்தல் நடந்த பிறகுதான் சென்னைக்குப் பட்டியலினப் பெண் ஒருவர், 28 வயது பிரியா, மேயராக முடிந்தது. இலங்கையில் 2023-இல், கடன் நெருக்கடியைக் காட்டி 'காசில்லை' என்று உள்ளூராட்சித் தேர்தலை ஒத்திப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6-இல் நடத்தினார்கள். அந்தக் கடன் நெருக்கடிக்கே ஒரு காரணம், 2019-இன் வரிக் குறைப்பையும் 2021-இன் ரசாயன உரத் தடையையும் எவராலும் தடுக்க முடியாத அளவுக்கு அதிகாரம் ஓரிடத்தில் குவிந்திருந்ததுதான்.

தமிழர் மேடைகளில் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். பிராமணர் சபைக்கான ஏற்பாடு அது, எல்லோருக்குமான வாக்கு அல்ல. ஆனால் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் ஒரு விதி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும் அவன் உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படக் கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர்கள் ஊர்ப்பணத்தையும் ஊர்ப்பதவியையும் அப்படி முடிச்சுப் போட்டு வைத்தார்கள்.

நம் மக்களிடம் இருக்கும் அச்சத்துக்கு இப்போது பதில் சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் நகரங்களில் சீனர்கள் ஆதிக்கம், கிராமங்களில் மலாய்க்காரர்கள், இனப் பிளவு கூடும் என்கிறார்கள். 2018-இல் ஆட்சி மாறியபோது, மூன்றாண்டுக்குள் ஊராட்சித் தேர்தல் வரும் என்று அப்போதைய அமைச்சர் சொன்னார். டிசம்பரில் பிரதமர் மகாதீர் இதே காரணத்தைச் சொல்லி மறுத்தார். அதற்கு முன், பினாங்கு தானாகவே சட்டம் இயற்றித் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. இந்தியர்களுக்குள் வேறொரு அச்சம்: நாம் ஏறக்குறைய 7 விழுக்காடு, சிதறிக் கிடக்கிறோம், இப்போது கட்சிப் பங்கீட்டில் கிடைக்கும் இரண்டொரு கவுன்சிலர் பதவியும் போய்விடுமே. எனக்கும் இந்த அச்சம் இருந்தது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். 1957-இல் மாநகரானபோது அதன் முதல் மேயராக வந்தவர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊரில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒரு தமிழரை மேயராக்கியது. இன்று நியமன முறையில் நம் சிலாங்கூரில் ஒரு தமிழர் மேயராவாரா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினருக்கு இடம் உறுதியாக வேண்டும் என்றால் ஒரு வட்டத்துக்குப் பல உறுப்பினர், வாக்கு விகிதப்படி இடம், குறைந்தபட்ச ஒதுக்கீடு என வழிகள் உள்ளன. கட்சிப் பங்கீட்டில் வரும் இரண்டு பதவிகளுக்காக, பல லட்சம் பேரின் வாக்கை விட்டுக்கொடுப்பது நமக்கு நட்டக் கணக்கு. தோட்டத்திலிருந்து வெளியேறி மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவர்களும், அங்காடிக் கடை போட்டவர்களும், ஆலய நிலத்துக்கு அலைபவர்களும் நம்மில் அதிகம். ஊராட்சி மன்றத்தின் வாசலில் மற்றவர்களைவிட நாம்தான் அதிக நேரம் நிற்கிறோம்.

இந்தோனேசியாவுடனான மோதல் 1966 ஆகஸ்டு 11-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி முடிந்தது. அந்த இந்தோனேசியா 2005 முதல் தன் மேயர்களை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. அப்படிச் சோலோ நகர மேயராக வந்த ஒருவர், ஜோக்கோ விடோடோ, பின்னர் அதிபரானார். யாரைக் காரணம் காட்டி நம் வாக்கை நிறுத்தினார்களோ, அவர்கள் வாக்களிக்கிறார்கள்.

2022 பொதுத் தேர்தலில் 18 வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக நாட்டுக்காக வாக்களித்தார்கள். நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்ற பிள்ளைக்குத் தன் தெருவின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லை என்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். சிலாங்கூரின் மாநகர் மன்றங்களில் முதலில் தொடங்கட்டும்.

இங்கே வீட்டு மதிப்பீட்டு வரியின் முதல் தவணையை பிப்ரவரி கடைசிக்குள் கட்டுகிறோம். இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள் ஆகஸ்டு 31, நம் சுதந்திர நாள். அடுத்த பில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். 15-ஆவது பிரிவை நீக்க அவர் வாக்களிப்பாரா, மாட்டாரா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.